பட்டா யார் பேரில்?

மினாங்கபாவ் மொழியில் தாய்மாமனுக்கு 'மாமாக்' என்று பெயர். மேற்குச் சுமத்ராவின் மலைக் கிராமம் ஒன்றைப் பற்றிய நீளமான கட்டுரையை மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இந்தச் சொல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர் பாவம், 'தாயின் சகோதரன்' என்று விளக்கி, அவனுடைய கடமைகள் என்னென்ன என்று எட்டு வரியில் அடிக்குறிப்பு வேறு போட்டிருந்தார். தமிழுக்கு அது தேவைப்படவில்லை. காது குத்தும்போது மடி கொடுப்பவர், சடங்குக்குச் சீர் கொண்டுவருபவர், முறைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றால் ஊரே சமாதானத்துக்குப் போக வேண்டியவர். தாய்மாமன் என்ற ஒரு சொல்லில் அத்தனையும் இருக்கிறது.

மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையை 'மாமாக் கடை' என்பார்கள். அது நம் 'மாமா' போய்ச் சேர்ந்த இடம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மினாங்கபாவ் மாமாக்கும் நம்மிடமிருந்து போனவர்தானா என்று கேட்டால் நான் பந்தயம் கட்டமாட்டேன். உலகத்து மொழிகள் பலவற்றில் அம்மாவும் மாமாவும் 'ம'வில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் நமக்கும் சுமத்ராவுக்கும் போக்குவரத்து இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. மேற்குக் கடற்கரையில் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுடையது. மினாங்கபாவ் நாட்டின் உள்ளேயே, சுருவாசோ என்ற ஊரில், 14-ஆம் நூற்றாண்டு அரசன் ஆதித்யவர்மனின் வாய்க்கால் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தியை நம் பக்கத்து எழுத்தில் படிக்கக்கூடியவர்கள் அந்த மலைக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள்.

இந்த மொழிபெயர்ப்பை நான் முடித்தது சக்குபள்ளத்தில். இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில் அணக்கரையை ஒட்டிய பஞ்சாயத்து. மலையாளத்தில் சக்கு என்றால் செக்கு; பள்ளம் நமக்குத் தெரிந்த பள்ளம்தான். உறவினர் ஒருவர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிறார். அவர் வீட்டுத் திண்ணை அறை எனக்குக் கிடைத்தது. அந்தப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரமான செல்லார்கோவிலில் போய் நின்றால் மலை சட்டென்று முடிந்துவிடும். காலுக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு: தென்னந்தோப்பு, நெல் வயல், திராட்சைப் பந்தல். மேலே மலையாளத்தில் மழை பெய்துகொண்டிருக்கும், கீழே தமிழில் வெயில் அடிக்கும்.

அந்த வெயிலிலிருந்துதான் தினமும் ஜீப்புகள் ஏறி வருகின்றன. கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் புறப்பட்டு, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலமலைக்குப் பெண்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், டிரைவர் வேறொரு கணக்குச் சொல்வார். அந்தப் பெண்கள் மூன்று மணிக்கே எழுந்து உலை வைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஏலச்செடியில் காய் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும், காயும் அங்கேதான். எனவே காயெடுப்பு என்பது நாள் முழுவதும் குத்துக்காலிட்டு நகர்வது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடியோடு. நாலைந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். அது புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போய்ப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியானது. 2024 கோடையில் செடியே கருகிப் போனது. இரண்டு ஆண்டிலும் குத்துக்காலிட்டு நகர்ந்தவர்கள் அதே பெண்கள்.

கட்டுரையில் வந்த கிராமத்துக்கு வருகிறேன். மினாங்கபாவ்காரர்கள் தங்கள் கிராமத்தை 'நகரி' என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் கிளம்பும்போது பட்டணமாக இருந்த சொல், அங்கே போய்ச் சேரும்போது வயலும் எருமையும் தென்னையுமாக மாறியிருக்கிறது. எரிமலை அடிவாரம், படிப்படியாக நெல் வயல், நடுவில் 'ரூமா காடாங்', அதாவது பெரிய வீடு. அதன் கூரை இரு முனையிலும் எருமைக் கொம்புபோல் மேலே வளைந்திருக்கும். அந்த வீட்டில் அறைகள் மகள்களுக்கு. கல்யாணமான மகள் ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை. மகனுக்கு அறை கிடையாது. பழைய நாளில் பையன் கொஞ்சம் வளர்ந்ததும் ராத்திரி படுக்கை 'சுராவ்' எனப்படும் தொழுகைக் கூடத்தில்தான். பிறகு கல்யாணமாகி மனைவி வீட்டுக்கு ராத்திரி போய்க் காலையில் அம்மா வீட்டு வயலுக்குத் திரும்புவான். மாப்பிள்ளையை எரிந்த மரக்கட்டையின்மேல் படிந்த சாம்பலுக்கு ஒப்பிட்டு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். காற்று பலமாக அடித்தால் போயிற்று.

மினாங்கபாவ் என்ற பெயருக்கு அவர்கள் சொல்லும் கதையும் இதற்குப் பொருத்தமானதே. வெளியிலிருந்து ஒரு பெரும் படை வந்தது. போருக்குப் பதில் எருமைச் சண்டையில் தீர்த்துக்கொள்வோம் என்றார்கள். வந்தவர்கள் மலைபோல் ஒரு கடாவைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்களோ பால்குடி மறக்காத கன்று ஒன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். அது தாயென்று நினைத்துக் கடாவின் அடிவயிற்றில் முட்டி முட்டிப் பால் தேட, கடா விழுந்தது. மினாங் என்றால் வெற்றி, கபாவ் என்றால் எருமை. அறிஞர்கள் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. எனக்குக் கன்றைப் பிடித்திருக்கிறது.

குலம், வீடு, பரம்பரை வயல் எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு. ஆண்கள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது வழக்கம். அதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். அப்படிப் போனவர்கள்தான் இந்தோனேசியா முழுக்க பாடாங் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். அப்படிப் போனவர்களில்தான் நாட்டின் முதல் துணை ஜனாதிபதி முகமது ஹட்டாவும், முதல் பிரதமர் சுதான் ஷாரிரும் இருந்தார்கள். இத்தனைக்கும் இவர்கள் முஸ்லிம்கள். நம் காயல்பட்டினத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். அங்கும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார், பெண்ணுக்கென்றுதான் வீடு கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் ஒரு மத்தியானம் தோட்டத்தில் சோற்று நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், அறுபதை நெருங்குபவர், முப்பது வருஷமாகக் காயெடுக்கிறவர், கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, வீடு பொம்பளைக்குன்னா, சண்டை வந்தா யாரு வெளிய போறது?"

"புருஷன்தான் அக்கா."

சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"இது எழுத்துல இருக்கா, இல்ல சும்மா வாய்ப்பேச்சா?"

எம்.ஏ.வில் எனக்கு யாரும் கேட்காத கேள்வி. பிறகு அந்த மலையைச் சுற்றிப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

தாய்வழி முறையைப் பார்க்கச் சுமத்ரா வரை போக வேண்டியதில்லை. சக்குபள்ளத்திலிருந்து கட்டப்பனையைத் தாண்டினால் கோவில்மலை. மன்னான் பழங்குடியினரின் தலைமையிடம். கேரளத்தின் ஒரே பழங்குடி அரசர் என்று பத்திரிகைகள் எழுதும் ராமன் ராஜமன்னான் அங்கே இருக்கிறார். 2012-இல் பொறுப்பேற்றவர், 2025 குடியரசு தின அணிவகுப்புக்கு டெல்லிக்கு அழைக்கப்பட்டபோது நாடே அவர் படத்தைப் பார்த்தது. அவர்களுடைய பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அறுவடைக்குப் பின்னான காலாவூட்டுத் திருவிழாவில் அவர்கள் ஆடும் கூத்தின் கதை கோவலன் கண்ணகி கதை. இதில் ஆச்சரியமில்லை. குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று இரண்டு மாநிலத்து மக்களும் ஏறுகிறார்கள். அந்த மலை முழுக்கவே கண்ணகியின் காலடி என்று நம்பப்படுவதுதான்.

மன்னான்களிடம் குலம் தாய்வழி. அரசுரிமை மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். கீழே திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவும் இதே முறையில்தான் பட்டத்துக்கு வந்தார். ஒருவருக்கு யானையும் பீரங்கி மரியாதையும், இன்னொருவருக்குத் தலைப்பாகையும் கூத்தும். வாரிசுக் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் தாய் மூலமாக வருவதும் தாய் கையில் இருப்பதும் வேறு வேறு. அரசுரிமை அம்மா வழியாக நடக்கிறது, அமர்வதென்னவோ ஆண்தான். நிலத்தைப் பொறுத்தவரை, காட்டைத் திருத்திக் கேழ்வரகும் தினையும் விதைத்து, சில வருஷம் கழித்து வேறு இடத்துக்குப் போன காலத்தில் மன்னான்களுக்கு யார் பேரில் என்ற கேள்வியே எழவில்லை. பிறகு அரசாங்கம் எல்லைக்கல் நட்டது. காடு ரிசர்வ் ஆனது, ரிசர்வ் ஏலத்தோட்டம் ஆனது, குடியேற்றம் வந்தது, அணை வந்தது. 2006-இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம்தான் பழங்குடிகளின் நிலத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் கல்யாணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டாக உரிமை தரச் சொல்கிறது. நாட்டின் மற்ற பகுதிகளில் இது பெண்ணுக்குக் கிடைத்த முன்னேற்றம், சந்தேகமில்லை. தாய்வழிக் குடியில் இதே வரி வேறுவிதமாக வேலை செய்யும். குலத்துக்கு வெளியாளான கணவன் பெயர் நிலத்தில் ஏறுகிறது. சகோதரிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள்.

மன்னான்களுக்குப் பின்னால் மலையேறியவர்கள் கோட்டயம், பாலா பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடியானவர்கள். 1940-களில் உணவுப் பஞ்சத்தை முன்னிட்டு அரசே காட்டைத் திருத்தச் சொல்லி அனுப்பியதில் தொடங்கிய குடியேற்றம் அது. மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டி மிளகும் ஏலமும் போட்ட கதைகள் அணக்கரைச் சந்தையில் இன்றும் கேட்கும். அந்த மண்ணைத் திருத்தியதில் அம்மாவும் மகளும் மண்வெட்டி பிடித்ததும் அந்தக் கதைகளில் உண்டு. சொத்து என்று வந்தபோது மட்டும் 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் குறுக்கே நின்றது: உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் என்ற பள்ளி ஆசிரியை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: கேரளக் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. மலை முழுக்கக் கொந்தளிப்பு. அதன் பிறகு அப்பாக்கள் முந்திக்கொண்டு மகன்கள் பேருக்கு உயில் எழுதத் தொடங்கினார்கள் என்று மலையாளப் பத்திரிகை நண்பர்கள் சொல்வார்கள். சட்டம் ஒரு கதவைத் திறந்தால் பத்திர எழுத்தர் ஜன்னலைக் காட்டிவிடுகிறார்.

அப்படியானால் தாய்வழி முறையை அப்படியே விட்டிருந்தால் பெண்கள் நன்றாக இருந்திருப்பார்களா? தமிழர்களுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, தூரத்திலும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பிறகு திரு-கொச்சியின் பகுதியாக இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த நாஞ்சில் நாடு. தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல் போன அதே போராட்டத்தில் கிடைத்த பங்கு. அங்கே தமிழ் பேசும் வெள்ளாளர்கள் மலையாள நாட்டு வழக்கப்படி மருமக்கள் வழியில் இருந்தார்கள். கணவன் செத்தால் சொத்து அவன் சகோதரி மகனுக்கு. கூட வாழ்ந்த மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் 'உகந்துடைமை' என்று ஏதோ கொஞ்சம். மருமகன் கையில் சாவி வந்த மறுநாளே மாமி நடுத்தெருவில் நின்ற கதைகள் ஏராளம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மருமக்கள் வழி மான்மியம் ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாய்மொழியாக அமைந்தது, தற்செயல் இல்லை. ஊரே சிரித்துக்கொண்டு படித்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் கொண்டுவந்து அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. முந்தைய வருஷமே நாயர்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வந்திருந்தது. கடைசியில் 1976 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்பமே சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போயிற்று. தறவாடுகள் பங்கு பிரிந்தன.

நாஞ்சில் நாட்டில் பெண் நின்றது மாமனாரோ கணவனோ கொடுத்த கூரையின் கீழ். மினாங்கபாவில் பெண் நிற்பது தன் அம்மாவின் கூரையின் கீழ். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தாய்வழி என்றே பெயர்; ஒன்றில் விதவை மூட்டை கட்டினாள், மற்றதில் விதவைக்குக் கட்ட மூட்டையே இல்லை.

அக்கா கேட்ட கேள்விக்குப் பதிலை நான் மினாங்கபாவிலேயே தேடினேன். கிடைத்தது மலேசியாவில். சுமத்ராவிலிருந்து கடல் கடந்து போன மினாங்கபாவ் குடியேறிகள் உருவாக்கியதுதான் நெகிரி செம்பிலான், ஒன்பது நாடு. சிரம்பான், ரெம்பாவ், போர்ட்டிக்சன் என்றால் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குப் பெரியப்பாவோ சித்தியோ இருக்கும் ஊர். அங்கே வெள்ளைக்காரன் நில அளவையும் பதிவேடும் கொண்டுவந்தபோது, வழக்கம் போல ஆண் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 1909-இல் வழக்காற்று நில உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. குலத்து நிலம் குலத்துப் பெண்கள் பேரில் பதிவேட்டில் ஏறியது; வேறு ஆளுக்கு நினைத்தபடி விற்க முடியாதபடி அதில் குறிப்பும் ஏறியது. வாய்ப்பேச்சு எழுத்துக்கு வந்தது, அதுவும் பெண் பேரில்.

அதே வருஷங்களில் அதே மாநிலத்தில் ரப்பர் காடு திருத்தக் கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கமிருந்து ஆளெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தன் பேரில் வயல் வைத்திருக்கும் மலாய்ப் பெண். வேலியின் இந்தப் பக்கம் விடியுமுன் பால் வெட்டப் போகும் தமிழ்ப் பெண், படுப்பது எஸ்டேட்டின் லயத்தில். எண்பது வருஷம் கழித்து எஸ்டேட்டுகளை வீட்டுமனை போட விற்றபோது லயமும் போனது. அவளிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை.

லயம் என்ற சொல் இங்கேயும் அதுதான். தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு எஸ்டேட் தருவது லயம், வேலை உள்ளவரை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் வீடு எது என்று கேட்டால், மண்ணுக்குள் போன அந்த அறைகூட அவர்களுடையது அல்ல.

மினாங்கபாவைச் சொர்க்கமென்று எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. அப்படி ஒன்றுமில்லை. பெரிய வீட்டின் நிலம் பெண்களுடையது. அதைப் பற்றிச் சபையில் பேசுகிறவர் மாமாக். அவர் நல்லவராக அமைந்தால் நல்லது. பரம்பரை நிலத்தை விற்கக் கூடாது. அடகு வைப்பதற்கும் நாலே காரணங்கள்தாம்: வீட்டில் பிணம் கிடக்கிறது, வயது வந்த பெண் கல்யாணமாகாமல் இருக்கிறாள், பெரிய வீட்டுக் கூரை ஒழுகுகிறது, குலத்தலைவருக்குப் பட்டம் கட்ட வேண்டும். இந்தப் பட்டியலில் மருத்துவமனைச் செலவு இல்லை, காலேஜ் ஃபீஸ் இல்லை. தகப்பன் சம்பாத்தியம் அவன் பிள்ளைகளுக்கா மருமக்களுக்கா என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது. 1952-இல் புக்கிட்டிங்கியில் மாமாக்குகளும் மார்க்க அறிஞர்களும் படித்தவர்களும் கூடி, பரம்பரைச் சொத்து வழக்கப்படி, சொந்தச் சம்பாத்தியம் ஷரியத்படி என்று வகுத்தார்கள். தாய் வேற்றினத்தவளானால் பிள்ளைக்குக் குலமே கிடையாது. அப்படி ஓர் இளைஞன் சொந்த அப்பா ஊரிலேயே அந்நியனாக நிற்பதைத்தான் ஹம்கா 1938-இல் நாவலாக எழுதினார். இன்று பல நகரிகளில் பெரிய வீட்டின் பக்கத்தில் தகரக் கூரை போட்ட செங்கல் வீடு எழும்பியிருக்கிறது. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் திறக்கிறார்கள். இருந்தும் அந்த வயலை ஒரு மருமகனோ மகனோ தன் இஷ்டத்துக்குக் கிரயம் பண்ணிவிட முடியாது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

சக்குபள்ளத்தை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்காவிடம் போய், எழுத்திலும் இருக்கிறது என்று நெகிரி செம்பிலான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஏலக்காய் எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேர்லயும் பட்டா இருக்கு" என்றார்.

அரசாங்கம் கொடுத்த வீட்டுமனை. நம் அரசுகள் செய்த நல்ல காரியங்களில் சத்தமில்லாமல் நடந்தது இது. இந்திரா ஆவாஸ் யோஜனா காலத்திலிருந்தே தொகுப்பு வீடு பெண் பேரிலோ தம்பதி இருவர் பேரிலோ தரப்பட வேண்டும் என்று விதி. 1989-லேயே தமிழ்நாடு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. நாடு முழுமைக்கும் அது 2005-இல்தான் வந்தது. ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்து என்று ஒன்று இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். ஜீப்பில் வருகிறவர்களில் அநேகருக்கு அது பேப்பரில் படிக்கிற செய்தி. மனைப்பட்டா அப்படியல்ல. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து, டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கும்.

"மகன் அவன் பேருக்கு எழுதிக் குடுன்றான். வண்டி வாங்க லோன் போடணுமாம். மக திருப்பூர்ல கம்பெனிக்குப் போறா. புருஷன் சரியில்ல. நாளைக்கு அடிச்சுத் தொரத்திட்டான்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்து நிக்க எடம் வேணுமில்ல?"

"மகளுக்கு எழுதலாமே அக்கா."

"எழுதலாம். எழுதுனா மகன் கொள்ளி வைக்க வரமாட்டான்."

இதற்கு மினாங்கபாவில் பதில் கிடையாது. உயில் எழுதலாம், அதை இப்போதே யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், பதிவு செய்வதும் அவரவர் விருப்பம், மனம் மாறினால் மாற்றி எழுதிக்கொள்ளலாம், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், சொத்து வாங்குகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. பட்டாவில் என்னென்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதை மட்டும் தாலுகா ஆபீஸில் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

நாரை வீசிவிட்டு யோசித்தார். கீழே சாலையில் ஜீப்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார்.

"ரெண்டு பேரா? நீ ஒரு ஆளு. இன்னொரு ஆளு பொம்பளையா இருந்தா செல்லுமா?"

செல்லும் என்றேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜீப்பின் பின்கட்டையில் ஏறும் முன் ஏற்கெனவே உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.